அசிட்டாலின் வாசனை

ராஜபாளையத்தில் எங்கள் பட்டறைக்கு மில்காரர்கள் வந்துகொண்டிருந்ததே என் கணவரின் மூக்கை நம்பித்தான். உடைந்துபோன பல்சக்கரத்தையோ தேய்ந்த புஷ் வளையத்தையோ காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவார்கள். இதேபோல் செய்து தர வேண்டும் என்பார்கள். இது என்ன பிளாஸ்டிக் என்று கேட்டால் விழிப்பார்கள். வெள்ளையாக இருக்கும் எல்லாமே அவர்களுக்கு நைலான்தான்.

என் கணவர் அதை மேஜைமேல் ஒருமுறை போட்டுச் சத்தம் கேட்பார். பிறகு ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டிக் குறடால் பிடித்து, தீக்குச்சியைக் காட்டுவார். சுடரை ஊதி அணைத்துவிட்டு மூக்கருகே கொண்டுபோவார். முடி கருகிய வாடை வந்தால் நைலான். மெழுகுவர்த்தியை அணைத்த வாடை என்றால் பாலிதீன். மூக்கைக் குத்திக் கண்ணில் நீர் வரவழைத்தால் அது அசிட்டால். அசிட்டால் எரியும்போது புகை வராது. சுடரும் பகல் வெளிச்சத்தில் ஒழுங்காகத் தெரியாது. கண்ணை நம்பி அதைக் கண்டுபிடிக்க முடியாது. "அசிட்டால்" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. வந்தவர் அடுத்தபடியாக எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்பார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி இந்தப் பட்டறை வீட்டுக்கு வந்தேன். முன்பக்கம் நாங்கள் குடியிருந்தோம். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கிற ஒரே ஒரு மோல்டிங் மெஷின். வந்த புதிதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே எனக்குப் பள்ளிக்கூடத்து ஆய்வகம் ஞாபகம் வரும். அங்கே கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு தவளை பார்மலினில் மிதந்துகொண்டிருக்கும். அந்த வாடையேதான் இவர் சட்டையிலும். ஊரில் மற்ற மாப்பிள்ளைகள் சென்ட் போட்டுக்கொண்டு மறுவீட்டுக்கு வந்தார்கள், என் வீட்டுக்காரர் தவளை வாசனையோடு வந்தார் என்று என் தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. மதுரையிலிருந்து பிளாஸ்டிக் குருணை மூட்டை கொண்டுவரும் வியாபாரி ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே விளக்கினார். பார்மலினில் இருக்கிற அதே வாயுவை ஒன்றோடொன்று கோர்த்து நீளமாக்கினால் அதுதான் அசிட்டாலாம். நுனி அவிழாமலிருக்க இரண்டு பக்கமும் வேறொன்றை வைத்து அடைத்துவிடுவார்களாம். நான் அதைப் பூச்சரமாக நினைத்துக்கொண்டேன். நுனி முடிச்சு அவிழ்ந்தால் ஒவ்வொரு பூவாக உதிர்ந்துவிடும் அல்லவா, அதேபோல் சூடு மீறினால் அசிட்டாலும் உதிர்ந்து பழையபடி வாயுவாகிவிடும். கூடப் பி.வி.சி. கொஞ்சம் கலந்துவிட்டால் போச்சு. சூட்டில் பி.வி.சி. அமிலத்தைக் கக்கும், அந்த அமிலம் சரத்தை நடுநடுவே அறுத்துப்போடும். இரும்புக் குழாய்க்குள் அவ்வளவு வாயுவும் கிளம்பினால் அது எங்கே போகும் என்று நான் கேட்டேன். வழி கிடைத்த பக்கம் போகும் என்றார் வியாபாரி.

இவ்வளவு ஆபத்தான சாமானை ஏன் கட்டி அழ வேண்டும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனால் மில்லுக்குள் அதற்கு ஈடே கிடையாது. நூல் அறாமலிருக்க அங்கே காற்றில் எந்நேரமும் ஈரம் தெளித்துக்கொண்டிருப்பார்கள். நைலான் சக்கரம் அந்த ஈரத்தைக் குடித்து ஊதி, பல்லோடு பல் இறுகிக்கொள்ளும். அசிட்டால் அப்படிக் குடிக்காது. எண்ணெய் போடாமலே வழுக்கிக்கொண்டு ஓடும். எண்ணெய் இல்லாததால் நூலில் கறையும் விழாது. ஆனால் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கிற இடங்களுக்கு மட்டும் அதைக் கொடுக்கவே கூடாது. குளோரின் தண்ணீர் பட்டுப்பட்டு மேலெல்லாம் சுண்ணாம்பு பூத்து, வெடித்து உதிர்ந்துவிடும். எந்தத் துண்டு எந்தப் பிளாஸ்டிக், அது எங்கே ஓடப்போகிறது என்று தெரிந்து செய்கிற பட்டறை என்பதுதான் எங்களுக்கு இருந்த பெயர். அந்தப் பெயரில்தான் சாப்பிட்டோம்.

பட்டறையில் எங்களோடு முக்கியமாக இன்னொருத்தி இருந்தாள். சோழபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். என்னைவிடச் சற்று மூத்தவள். அச்சிலிருந்து விழும் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவி எடுப்பது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் சோழபுரத்தக்கா. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். பஸ்ஸில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த வீட்டில் மாடு கன்று போட்டது எல்லாம் அவள் மூலமாகத்தான் எங்களுக்கு வரும். ஆனால் மெஷின் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அது அண்ணாச்சி பாடு என்பாள்.

மெஷின் ஒன்றுதான் என்பதால் எல்லாச் சரக்கையும் அதிலேயே ஓட்டினோம். தோட்டத்துப் பம்புசெட் குழாய்களுக்குப் பி.வி.சி. மூடி அடித்துவிட்டு, அடுத்து அசிட்டாலுக்கு மாறும்போது நடுவில் பாலிதீனை ஓட்டி உள்ளே இருக்கிற மிச்சத்தையெல்லாம் வெளியே தள்ள வேண்டும். மெஷினை வாய் கொப்பளிக்க வைக்கிறது என்று எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர். வெளியே வந்து விழும் கட்டியை எடுத்து என் கணவர் முகர்ந்து பார்ப்பார். பி.வி.சி.யின் புளித்த காரம் கொஞ்சம் இருந்தாலும் இன்னும் ஓட்டு என்பார். வாடை சுத்தமாகப் போன பிறகுதான் அசிட்டால் மூட்டையைப் பிரிப்பார்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் அவர் அந்தக் கட்டியை என்னிடம் நீட்டத் தொடங்கினார். "மோந்து பாத்துச் சொல்லு" என்பார். நான் சொல்வேன். சரி என்று தலையாட்டுவார். கொஞ்ச நாளில் மில்காரர்கள் கொண்டுவரும் துண்டுகளையும் என்னிடம் நீட்டினார். அவர் தீக்குச்சி காட்டுவார், நான் முகர்வேன். வந்தவர்களிடம், வீட்டிலேயும் தொழில் தெரிஞ்சிருக்கணும்ல என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு உள்ளூர எவ்வளவு பெருமை. சமையற்கட்டை விட்டு வெளியே வா என்று சொல்கிற புருஷன் அந்தத் தெருவில் எத்தனை பேருக்கு வாய்த்திருந்தான். தங்கைக்கு எழுதிய கடிதங்களில் தவளைப் பேச்சை விட்டுவிட்டு, நானும் இப்போது பாதி இன்ஜினியர் என்று எழுதினேன்.

ஒரு வெயில் காலத்தில் அந்தப் பெருமை உடைந்தது. முந்தின நாள் வைத்த கத்தரிக்காய்க் குழம்பு ஊசிப்போயிருந்தது. வெளியே கொட்டுவதற்காகச் சட்டியை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். நான் திரும்பி வருவதற்குள் அவர் பசியோடு வந்து, தானே தட்டெடுத்து, அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாசலிலேயே ஊசின வாடை மூக்கில் அடித்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

தட்டைப் பிடுங்கிவிட்டு அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒரு பார்வை விலகலில் எனக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. அவர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கவில்லை. என் மூக்கை இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்.

எப்போது போனது என்று கேட்டேன். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என்றார். காய்ச்சலில் போனதோ, இத்தனை வருடம் குடித்த வாயுவில் போனதோ, அவருக்கே தெரியவில்லை. பிறகு மதுரையில் காட்டிய டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூக்கு போனதற்கு அல்ல. பக்கத்தில் படுக்கிறவளிடம்கூடச் சொல்லாமல் இருந்ததற்கு. எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், நான் இருக்கிறேன், முகர்ந்து சொல்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை.

"வெளிய தெரிஞ்சா ஒரு பய இந்த வாசப்படி ஏறமாட்டான்" என்றார். "நீ மட்டும் தெரிஞ்சிக்க. போதும்."

எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒன்றை மட்டும் அவரிடம் வாங்கிக்கொள்ள முடிந்தது. அசிட்டால் ஓடும்போதெல்லாம் நான் ஷெட்டில் இருப்பேன். நான் இல்லாத நாளில் அசிட்டால் ஓடாது. சரி என்றார். நானும் வெளியே காயப்போட்ட ஊறுகாய் வெயிலில் கருகினாலும் மழையில் நனைந்தாலும் அங்கேயே கிடந்தேன். சோழபுரத்தக்காகூட, எங்களைப் பார்த்துக் கண் பட்டுவிடும்போல் இருக்கிறது, இத்தனை வருசம் கழித்தும் ஒருத்தரையொருத்தர் விட்டு இருக்கமாட்டேங்கிறீர்களே என்று கேலி செய்வாள். என்ன சொல்வது. சிரித்துவைப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தங்கை பிரசவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஆடிப்பூரத்துக்குத் தேர் அலங்காரம் நடந்துகொண்டிருந்த நாட்கள். வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்ததும் நான் கிளம்பினேன். ஷெட்டில் அப்போது பி.வி.சி. மூடி ஓடிக்கொண்டிருந்தது. நான் வருகிற வரைக்கும் மூடியே அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அதிக தூரமில்லை; ஆனாலும் பிரசவ வீட்டுக்குப் போனவள் உடனே திரும்ப முடியுமா. தங்கைக்குச் சிக்கலில்லாமல் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பிஞ்சு உச்சந்தலையை முகர்ந்தபோது, இவர் வந்து தூக்கினால் இந்த வாசனை இவருக்குத் தெரியாதே என்று நினைத்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் அங்கே இருக்கும்போதே ஒரு மில்லிலிருந்து ஆள் வந்திருக்கிறார். வரிசையாகச் சக்கரங்கள் உடைந்து மில்லில் ஒரு பக்கமே ஓடாமல் நிற்கிறது, அவசரம் என்றிருக்கிறார். அச்சு எங்களிடம் தயாராக இருந்தது. என் கணவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. காரணம் கேட்டால் என்ன சொல்வார்?

பாலிதீனை விட்டு மெஷினை வாய் கொப்பளிக்க வைத்திருக்கிறார். விழுந்த கட்டியை எடுத்து, ஆள் பார்க்கிறாரே என்று மூக்கருகேயும் கொண்டுபோயிருக்கிறார். கட்டி வெள்ளையாக, பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. எங்கள் பி.வி.சி.யும் வெள்ளைதான். போதும் என்று முடிவு பண்ணி அசிட்டாலைக் கொட்டிவிட்டார்.

எதிர்வீட்டிலிருந்து அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் செய்தபோது, அம்மா வீட்டுக்கு அடுத்த கடையில்தான் அதை எடுத்தார்கள். நான் ஓடிப்போய் வாங்கினேன். கிளம்பி வா என்று மட்டும் சொன்னார். உங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். எனக்கு ஒன்னுமில்ல என்றார். அப்படியானால் வேறு யாருக்கோ ஆகியிருக்கிறது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுவிடுவது என்றிருந்தேன்.

நடந்ததை அங்கே போய்த்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். உள்ளே ஒட்டிக்கிடந்த பி.வி.சி. அசிட்டாலை அறுக்கத் தொடங்கியிருக்கிறது. குழாய்க்குள் வாயு திரண்டிருக்கிறது. கண் கரித்ததை, அசிட்டால் ஓடினால் இருப்பதுதானே என்று இவர் விட்டுவிட்டிருக்கிறார். அடுத்த சக்கரத்துக்காக என் கணவர் பேரல் என்கிற அந்தக் குழாயைப் பின்னுக்கு இழுத்ததும், அதன் முனையிலுள்ள நாசில் வழியாக உருகிய பிளாஸ்டிக் பெரும் சத்தத்தோடு பீய்ச்சி அடித்துவிட்டது. எப்போதும்போல் பக்கவாட்டில் உட்கார்ந்து பிசிறு சீவிக்கொண்டிருந்த சோழபுரத்தக்காவின் வலது கையில், முழங்கையிலிருந்து விரல்வரைக்கும் அது அப்பிக்கொண்டது. கொதிக்கும் தண்ணீராக இருந்தால் வழிந்துவிடும். பிளாஸ்டிக் வழியாது. என் கணவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஷெட் முழுக்க நிறைந்த வாயுவுக்குள்ளிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்.

பெண்கள் வார்டில் அவள் படுத்திருந்தாள். கையை மொத்தமாகக் கட்டியிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் தலைமாட்டில் நின்றார், தோளில் துண்டோடு, தோட்டத்திலிருந்து அப்படியே வந்தவர். என் கணவர் கால்மாட்டில் நின்றார். கண்ணெல்லாம் சிவந்து, ஒரே நாளில் கிழவராகிவிட்ட மாதிரி இருந்தது. திட்ட வேண்டும் என்று நினைத்து வந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

சோழபுரத்தக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவள்தான் முதலில் பேசினாள்.

"அண்ணாச்சி, என் தப்புதான். எனக்கு ஆரம்பத்துலயே வாடை அடிச்சிச்சு. கண்ணு கரிச்சிச்சு. நிமுந்து ஒங்களப் பாத்தேன். நீங்க மெசின்கிட்டயே நிக்கிய, மூஞ்சியில ஒன்னுமில்ல. அண்ணாச்சிக்குத் தெரியாத வாடையா, அவியளே சும்மா நிக்கும்போது நாம என்ன சொல்லன்னு குனிஞ்சிட்டேன். சொல்லியிருக்கணும். ஒங்க மெசினும் போச்சா?"

வார்டில் எல்லாப் படுக்கையிலும் ஆட்கள் இருந்தார்கள். மில் ஆள்கூட ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். என் கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தலையை அசைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவளே தன் தப்பு என்று சொல்லிவிட்டாள். அவர் என்ன செய்யப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு வாடை தெரியாது" என்றார். மறுபடியும் சத்தமாகவே சொன்னார். "எனக்கு மூக்கு செத்துப்போயி சில வருசமாச்சு. ஒரு வாடையும் தெரியாது. ஒங்க யாருகிட்டயும் சொல்லல."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் வீட்டுக்காரர் ஏதாவது சொல்வார், அடித்தாலும் அடிப்பார் என்று பயந்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் கோபப்படவே இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை திருப்பிக் கேட்பதைப்போல்தான் கேட்டாள்.

"சொல்லியிருந்தியன்னா நான் கத்தியிருப்பேன்லா, அண்ணாச்சி?"

என் கணவர் வெளியே போய் வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவர் சட்டையில் அந்தப் பழைய தவளைக் குடுவை வாடை பலமாக அடித்தது. நான் அதை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுவாரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரிடமும் அவரே சொன்னார். எனக்கு வாடை தெரியாது, துண்டை அவளிடம் கொடுங்கள் என்பார். அவர் பயந்ததும் பொய்யில்லை. சில மில்கள் வருவதை நிறுத்திவிட்டன. சிலர் மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டு என்னிடம் நீட்டினார்கள். பி.வி.சி. வேலையை அடியோடு விட்டோம். அந்த மெஷினுக்குள் அசிட்டாலும் பாலிதீனும் தவிர வேறெதுவும் போகவில்லை. வருமானம் குறைந்தது, குறைந்ததோடு பழகிக்கொண்டோம். வைத்தியச் செலவு முழுவதும் எங்களுடையது என்று அவர் சொன்னதற்கு, பின்னே யாருடையது என்றேன் நான்.

சோழபுரத்தக்கா இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். கை ஆறி, தோல் இழுத்துக்கொண்டு, இரண்டு விரல் மடங்காமல் நின்றுவிட்டது. ஒருநாள் காலை பழைய நேரத்துக்கே வந்து நின்றாள். இடது கையால் சீவப் பழகிக்கொள்கிறேன் என்றாள். மெஷினை விட்டுத் தள்ளி, வாசல் பக்கம் அவளுக்குப் பலகை போட்டோம். அவள் அதைத் தானே இழுத்துப் பழைய இடத்தின் அருகில், பீய்ச்சினால் படாத பக்கமாகப் போட்டுக்கொண்டாள். வாசலில் உட்கார்ந்தால் வாடை எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் என் கணவர் பட்டறைக்கு ஒரு புது வழக்கம் வைத்தார். யாருக்கு எந்த வாடை வந்தாலும் கத்த வேண்டும். கத்தினால் மெஷின் நிற்கும். என்ன, ஏது என்பதெல்லாம் நின்ற பிறகுதான்.

அவள் அதைச் சும்மா விடவில்லை. ஒருதரம் சாலையில் போன லாரிப் புகைக்குக் கத்தினாள். ஒருதரம் யாரோ கருவாடு சுட்டதற்கு. ஒவ்வொரு தடவையும் அவர் மெயினை அணைத்து, உருகினதையெல்லாம் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சூடு ஏற்றுவார். அவ்வளவு சரக்கும் வீண்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியானம். எங்களிடம் வருவதை நிறுத்தியிருந்த ஒரு மில் வெகுநாள் கழித்து எங்களைத் தேடி வந்திருந்தது. அந்தச் சக்கரங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முடியப்போகிற நேரத்தில் அவள் கத்தினாள். என் கணவர் கை மெயினுக்குப் போய்விட்டது. நான் ஷெட்டுக்குள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடித்திருந்தது, வேறொன்றுமில்லை. எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. நான்தான் இங்கேயே நிற்கிறேனே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அணைத்தால் என்ன என்று அவரைப் பிடித்துக் கத்தினேன்.

அவர் உருகினதை வாளிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார், தண்ணீர் சீறியது. சோழபுரத்தக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். முகம் வாடிப்போயிற்று.

"அண்ணாச்சி, தெரியாம கத்திட்டேன் போல."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இல்ல தாயி. நீ எப்பவும் இப்படியே கத்து" என்றார்.

மெஷின் ஆறிக்கொண்டிருந்தது. மடங்காத அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் சக்கரத்தைச் செருகிப் பிடித்து, இடது கையால் கத்தியை எடுத்து, அவள் மறுபடியும் சீவத் தொடங்கினாள்.